நாணை இழுத்து நிற்கும் நொடி

வலசைப் பறவைகள் வந்திறங்கும் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்தில் காம்பவுண்டு வில்லை வேட்டைக்கென்று வாங்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அங்குள்ள ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். வேட்டையில்லாமல் அந்த வில்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வில்வித்தை வீராங்கனை ஜோதி சுரேகா இதே வகை வில்லால் 3 தங்கம் வென்றார். 2028 ஒலிம்பிக்கிலும் அது நுழைகிறது. இலக்கு மாறினால் தேர்வும் மாறும். புதருக்குள் தூக்கித் திரிய வேட்டை வில் குட்டையாக இருக்கும். மைதானத்து வில் நீண்டு, கையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

இந்த வில்லின் அழகு அதன் முனைச் சக்கரங்களில் இருக்கிறது. 50 பவுண்டு விசையோடு முரண்டுபிடிக்கும் நாண், முழுதாக இழுத்ததும் சட்டென்று இளகிவிடும். 80 சதவீதம் தளரும் வில்லில் விரல் தாங்குவது 10 பவுண்டுதான். குறிபார்க்கக் கிடைக்கும் அந்த நிதானத்துக்காகவே இதை வாங்குகிறோம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்ற இழுப்பு நீளம், அம்பின் வேகம் அல்ல. விரித்த கைகளின் அகலத்தை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். வேகமான அம்பு குறைவாகத் தாழுமே என்பது நியாயமான வாதம். தொலைவு தெரியாத காட்டில் அது உதவும். மைதானப் போட்டியில் இந்த வில்லுக்குத் தொலைவு 50 மீட்டர், குறிகாட்டியை ஒருமுறை சரிசெய்தால் போதும். வளரும் பிள்ளைக்கு வாங்கினால், இழுப்பு நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற வில்லாகப் பார்க்க வேண்டும்.