பலியும் பழியும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலை, தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பகுதி என்றே பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய 8 இடங்களால் வெவ்வேறு எழுத்தொலியாவதை அது உற்றுநோக்கிச் சொல்கிறது. அகத்தே எழும் ஒலியை அந்தணர் மறைக்கு விட்டு, புறத்தே கேட்கும் ஒலியை மட்டுமே கூறுவதாக ஆசிரியர் எல்லை வகுத்துக்கொள்வது நம்மைப் பெரிதும் கவர்கிறது.

‘கல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ககரம் வேறுவேறாக ஒலிக்கிறதே, அதனை ஏன் கூறவில்லை என்பர் சிலர். அவ்வேறுபாடு தமிழில் பொருளை மாற்றுவதில்லை; ஆகவே ஓரெழுத்தே போதும். பொருளை வேறுபடுத்தும் ஒலியையே இன்றைய மொழியியலார் ஒலியன் என்கின்றனர். லகரமும் ழகரமும் அத்தகையன. ‘பலி’யில் நாவிளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைத் தொடும், ‘பழி’யில் நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும். பீடத்தருகே வாசகம் படிப்போர் இவ்விரண்டையும் ஒன்றாக்கினால், கேட்கும் இறைமக்கள் எதனைப் புரிந்துகொள்வர்?

நூலில் ஒரு குறையும் உண்டு. ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில், ஒரே முயற்சியாக ஆசிரியர் அடக்கிவிட்டார். அதனை மட்டும் கொண்டு எவரும் ழகரம் பழக இயலாது. அதனைச் சரியாக ஒலிக்கும் வாய் ஒன்று அருகே வேண்டும். நம் மறைக்கல்வி ஆசிரியர்களுள் அத்தகையோர் எத்தனை பேர் என்பதே நமது கவலை.