பேக்கரின் செங்கல்லும் நாம் எழுப்பும் கண்ணாடியும்

ஒரு நகரம் வளர்கிறது என்பதற்கு அதன் கட்டடங்களின் உயரத்தையே சான்றாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. திருவனந்தபுரமும் இதற்கு விலக்கன்று. 1990இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்டபின் கழக்கூட்டம் நோக்கி நீண்ட அந்நகரில், கண்ணாடி போர்த்திய அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. அதே நகரில் லாரி பேக்கர் கட்டியவற்றை இவற்றோடு ஒப்பிட்டு நோக்கினால், வளர்ச்சி என்ற சொல்லுக்கே நாம் வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

1917இல் பர்மிங்ஹாமில் பிறந்த பேக்கர், 1945இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்தார். இமயமலைச் சிற்றூர்களில் பல்லாண்டு வாழ்ந்தபின் திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007இல் அங்கேயே மறைந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருத்தல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தே அவருக்கு வழிகாட்டியாயிற்று.

1970களில் அவர் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இக்கருத்தின் செயல்வடிவம் எனலாம். குன்றின் சரிவைச் சமன்படுத்தாமல், மரங்களை வெட்டாமல், சரிவோடு சரிவாகவும் மரங்களுக்கு இடம்விட்டும் கட்டடங்கள் வளைந்து செல்கின்றன. துளையிட்ட செங்கல் ஜாலிகள் வெயிலைத் தணித்துக் காற்றை உள்ளே விடுகின்றன. செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விடும் ‘ராட் டிராப்’ முறையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. சுவருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், பாரம் தாங்குவதில் பங்கில்லாத இடத்தில், பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் குறைத்தார். கண்ணாடிச் சுவரோ வெயிலை உள்ளே அழைத்துவிட்டு, அதை வெளியேற்ற நாள்முழுதும் மின்சாரத்தை விழுங்குகிறது. இவற்றுள் எது முன்னேற்றம்?

எனினும், பேக்கரின் சிறப்பு சிக்கனத்தில் மட்டும் இல்லை. ஆய்வு மையத்திற்கும் செல்வர் இல்லங்களுக்கும் எம்முறையைக் கையாண்டாரோ, அம்முறையையே ஏழைகளின் வீடுகளுக்கும் கையாண்டார். பூந்துறை மீனவர்களுக்குக் கட்டிய வீடுகளை இராணுவ அணிவகுப்புபோல் நிறுத்தாமல், சற்றே முன்பின்னாக அமைத்தார். அதனால் கடற்காற்று பல வீடுகளுக்கும் எட்டிற்று. வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் முற்றம் கிடைத்தது. ஏழைக்கு இவ்வளவு போதும் என்னும் அலட்சியம் அவ்வமைப்பில் இல்லை.

இன்று நேர்ந்திருப்பது என்ன? பூசாத செங்கல் சுவர் வசதி படைத்தோரின் அலங்காரமாகிவிட்டது. தொலைவிலிருந்து லாரியில் வரும் விலையுயர்ந்த செங்கல்லை முகப்பில் ஒட்டி, அதற்கும் பேக்கரின் பெயரையே சூட்டுகிறார்கள். மறுபுறம், குறைந்த செலவு வீடு என்பது ஏழைக்குரிய முத்திரையாகிவிட்டது. ஆகவே, தம் சுவருக்கும் பூச்சு வேண்டும் எனக் கேட்கும் ஏழையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பிறருக்கு மட்டும் எளிமையைப் பரிந்துரைப்பது அறமாகாது.

நிலத்தின் விலை ஏறிய நகரில் மாடிமேல் மாடி தவிர்க்க இயலாதது என்பர். அதில் உண்மை உண்டு. ‘ராட் டிராப்’ சுவரின் மேல் இருபது மாடிகளை நிறுத்த முடியாது. ஆனால் இது தேவைதானா, இதன் சுமையை யார் தாங்குவார் என்னும் வினாக்களுக்கு உயர வரம்பு இல்லை. உயர்ந்த கட்டடத்திலும் மேற்கு வெயிலை மறைக்கலாம். காற்றுக்கு எதிரெதிரே வழி விடலாம். மழைநீர் செல்லும் தாழ்நிலத்தை விட்டுவைக்கலாம்.

எனவே பேக்கரிடமிருந்து நாம் கற்க வேண்டியது செங்கல்லின் நிறத்தை அன்று. தனக்கு எதை வேண்டுகிறோமோ அதையே பிறருக்கும் கட்டும் மனத்தை எனலாம். அம்மனம் வாய்க்காத நகரம் எத்துணை உயர்ந்தாலும் வளர்ந்ததாகாது.