திசைச்சொல்லும் குழுவழக்கும்: கல்முனைக் கரைத் தமிழ்

தமிழிலக்கண நூலார் சொல்லின் வேறுபாட்டை நிலத்தொடு பொருத்திக் காட்டினர். செந்தமிழ் நிலத்தை அடுத்த பன்னிரு நிலத்தாரிடத்து வழங்குஞ் சொற்களைத் திசைச்சொல் என வகுத்தது தொல்காப்பியம். நன்னூல் அதனொடு பிறமொழி வழங்கும் நிலங்களையுங் கூட்டிற்று. ஊர் மாறச் சொல்லும் மாறும் என்னும் இக்கொள்கை எளிதில் விளங்குவது. அதனாலேயே பின்வந்தோர் பலர் அதற்கப்பாற் செல்ல முயன்றாரல்லர். ஈழத்தின் கீழ்க்கரையில் இவ்வளவுகோல் எத்துணைப் பயன்படும் என்பது ஆராயற்பாலது.

கல்முனையிலிருந்து தெற்கே செல்வார்க்குச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் என முஸ்லிம் ஊர்களுந் தமிழ் ஊர்களும் விரவி வருதல் புலனாகும். முஸ்லிம் ஊராகிய சாய்ந்தமருதினின்று விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்கு நடந்தே செல்லலாம். கடல் ஒன்று, மணல் ஒன்று, வயலும் ஒன்று. ஆயினும் ஓரூரில் 'அப்பா' எனப்படுபவர் அடுத்த ஊரில் 'வாப்பா' ஆகின்றார். அம்மா 'உம்மா'வும், அண்ணன் 'காக்கா'வும் ஆகின்றனர். முஸ்லிம் இல்லங்களில் 'தாத்தா' என்பது மூத்த சகோதரியைக் குறிக்கும். தமிழகத்திலிருந்து வருவார் அதனைப் பாட்டனாரெனக் கொண்டு மயங்குதல் இயல்பே. மாமா, மாமி, மச்சான் என்பனவோ இரு சாராருக்கும் பொது. தாய்வழியே வருங் 'குடி' முறையும் அவ்வாறே. நிலம் மாறாதிருக்கச் சொல் மாறுகின்றது. அங்ஙனம் மாறுவதும் சில இடங்களில் மட்டுமே. இதனைத் திசைச்சொல் எனல் யாங்ஙனம் பொருந்தும்? நன்னூல் உரையிற் காட்டப்பெறும் பிறநிலப் பட்டியலிற் 'சோனகம்' என்பதும் ஒன்று. ஈழத்துச் சோனகரோ கடல்கடந்த நாட்டினரல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அண்டை வயலார்.

முஸ்லிம்களின் தமிழ் அறபு கலந்து திரிந்தது என்பது சைவ இல்லங்களிற் பலர் கொண்டுள்ள எண்ணம். ஹஜ், ஸக்காத், துஆ முதலிய அறபுச் சொற்கள் அவர்பால் உண்மையே. எனினும் அவர்தம் சமயவாழ்வின் நடுநாயகமான சொற்கள் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல், ஓதுதல் என்பன. இவற்றைப் பூசை, விரதம், ஆலயம், கும்பாபிஷேகம் என்பவற்றொடு ஒருங்குவைத்து நோக்குக. கலப்புக் குற்றஞ் சாட்டத் தகுதியுடையார் எவர் என்பது ஐயத்திற்கிடமாகின்றது. தேவாரத்தை ஓதுவாரும் குர்ஆனை ஓதுவாரும் ஒரே வினைச்சொல்லைக் கைக்கொண்டிருத்தலும் கருதத்தக்கது.

மற்றொரு புகழுரையும் ஆராயவேண்டுவது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966ஆம் ஆண்டில், பேச்சுத்தமிழ் வகைகளுள் மட்டக்களப்புத் தமிழே இலக்கியத் தமிழுக்கு மிக அணித்தாயது எனக் கருத்துரைத்தார். 'மறுகா', 'கிறுகி' என்னுஞ் சொற்களைக் கேட்டு நகைக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இது நல்ல விடையாயிற்று. ஆயின் அம்மகிழ்ச்சியில் ஒன்று மறக்கப்படுகின்றது. மறுகா எனச் சொல்பவருள் கல்முனை முஸ்லிமும் ஒருவர். இருவர் காத்த செல்வத்திற்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடுதல் நேர்மையன்று.

வேறுபாட்டை விளக்க நன்னூலாரிடத்தே மற்றொரு கருவியும் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறியெனக் காட்டப்பெற்றன. பேசுவோரின் கூட்டத்தைக்கொண்டு சொல்லை வகுத்த இவ்வரிய கருத்து, தகுதி வழக்கினுள் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டமை இழப்பேயாம். கீழ்க்கரையின் களவெட்டியே இதற்குத் தக்க சான்று. சூடடிக்குங் களத்தில் நாளாந்தச் சொற்கள் விலக்கப்பட்டு வேறு பெயர்கள் வழங்கின. ஆங்கு நெல் நெல்லன்று, அது 'பொலி'. விளைவு குன்றாது பெருகவேண்டும் என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். இவ்வழக்குச் சமயத்தால் வந்ததன்று, தொழிலால் வந்தது. வீட்டில் வாப்பா என்றவரும் அப்பா என்றவரும் களத்திற் பொலி என்றே வழங்கினர். எனவே ஒருவர்க்கு ஒரே கிளைமொழி என்பதும் பிழையாம். இல்லத்தில் ஒன்று, களத்தில் ஒன்று, மேடையில் ஒன்று என அவர் பலவற்றை மாற்றி வழங்குகின்றார். உறவுப்பெயர்கள் மறைபொருளுடையன அல்லவாதலின் அவற்றைக் குழூஉக்குறியுள் அடக்கலும் ஆகாது. ஈண்டு நன்னூலும் விரிவு வேண்டி நிற்கின்றது.

களவெட்டி இன்று அருகிவிட்டது. எருமை மிதித்த இடத்தில் அறுவடை இயந்திரம் வந்தது. 1985, 1990ஆம் ஆண்டுகளின் கலவரங்கள் ஒரு களத்தில் நின்றோரைப் பிரித்தன. அச்சொற்கள் இனி முதியோர் நினைவிலேயே உள. அவற்றைத் திரட்டப் புகுவார் திருக்கோவிலிலும் வினாயகபுரத்திலும் மட்டும் ஏடு விரிப்பாராயின் பாதிச் சொற்களையே பெறுவர். மறுபாதிக்கு அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் உள்ள முஸ்லிம் முதியோரின் திண்ணைகளை நாடவேண்டும்.