குமரகுருபரர் வாய் திறப்பதற்கு முன்



'தன்னம்பிக்கை', 'விடாமுயற்சி' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் போதும், இரண்டு பேர் தவறாமல் வந்துவிடுவார்கள். ஒருவர் குமரகுருபரர். மற்றவர் ஸ்டீபன் ஹாக்கிங். எடுத்துக்காட்டுகள் நல்லவைதான். நாம் அவற்றைச் சொல்லும் முறையில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் குமரகுருபரர். 17ஆம் நூற்றாண்டு, ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயதுவரை பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மாணவர்கள் இதை, "ஊமையாக இருந்தவர் பேரறிஞர் ஆனார்" என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்த 'ஆனார்' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்க. கந்தர் கலிவெண்பா மழலைப் பாட்டு அல்ல. யாப்பு அமைதியும் சைவ சித்தாந்தக் கருத்துகளும் கொண்ட நூல். எல்லாமே அருள் தந்தது என்று கொள்வோர் கொள்ளட்டும். ஆனால் அதே வரலாறு, தந்தை சண்முகசிகாமணிக் கவிராயர் என்றும் சொல்கிறது. அது புலவர் வீடு. ஐந்து ஆண்டுகளாக அந்தப் பிள்ளையின் காதில் தமிழ் விழுந்துகொண்டே இருந்திருக்கும். திருச்செந்தூரில் திறந்தது வாய். அறிவு அன்றுதான் பிறந்தது என்று எழுத நமக்கு ஆதாரம் எங்கே?

ஹாக்கிங் கதை தலைகீழ். அவர் 1979இல் கேம்பிரிட்ஜில் லூகாசியன் பேராசிரியர் ஆனார். குரலை இழந்தது 1985இல். அவர் அறிவாளி என்பது உலகத்துக்கு முன்பே தெரியும். அதனால்தான் கணினிக் குரலில் பேசியபோது யாரும் சந்தேகப்படவில்லை.

ஆக, ஒருவர் பின்னால் பேசினார். மற்றவர் முன்னால் பேசினார். இருவருக்கும் பேச்சே சான்றிதழ். முன்னும் பேசாத, பின்னும் பேசப்போகாத பிள்ளைக்கு யார் சான்று? நம் எடுத்துக்காட்டுகள் இரண்டுமே அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடுகின்றன. போதாததற்கு, 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று பழமொழி வேறு சொல்லிக்கொடுக்கிறோம். விளைவு என்ன? பத்து வயதுப் பிள்ளையிடம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறோம். "அவனுக்கு என்ன புரியும்" என்று அவன் எதிரிலேயே சொல்கிறோம். கதை வாசித்துக் காட்டுவதில்லை. கேள்வி கேட்பதில்லை. கேட்காததால் பதிலும் வருவதில்லை.

கோலா தெர்லா பக்கம் தேயிலை மலைச்சரிவுகளைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இயந்திரத்தைப் பிடித்துக் கொழுந்து வெட்டிப் போவார்கள். இரைச்சலில் பேச்சு எடுபடாது. தலையசைப்பிலும் பார்வையிலும்தான் வேலை ஓடும். அவர்களைப் பார்த்து அறிவில்லாதவர்கள் என்று யாராவது சொல்வோமா?

நம் நாட்டில் மாற்றுத்திறனாளியைப் பதிவு செய்யும்போதுகூட, பேச்சுக் குறைபாடு ஒரு பிரிவு, கற்றல் குறைபாடு வேறொரு பிரிவு. படிவத்தில் இருக்கும் தெளிவு நம் நாக்கில் இல்லை.

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார். 71ஆவது, அரசனின் குறிப்பை அறிவது பற்றி. 110ஆவது, காதலியின் குறிப்பை அறிவது பற்றி. மேலதிகாரியின் முகத்தையும் அன்புக்குரியவர் முகத்தையும் நாம் இன்றும் நன்றாகவே படிக்கிறோம். படிக்காமல் விடுவது பேசாத பிள்ளையின் முகத்தைத்தான். 705ஆம் குறளைப் பாருங்கள்: குறிப்பை உணராவிட்டால் கண்ணால் என்ன பயன் என்கிறார். குறை பார்ப்பவனின் கண்ணில்; பேசாதவரின் வாயில் அல்ல.

சென்னையில் அஜித் நாராயணன் அதைத்தான் செய்துகாட்டினார். வித்யா சாகர் என்ற சிறப்புப் பள்ளியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கருவி 'ஆவாஸ்'. பிள்ளை படங்களைத் தொட்டால் கருவி அதைச் சொற்றொடராக்கிப் பேசும். கருவி அறிவைக் கொடுக்கவில்லை, வழியைக் கொடுத்தது.

கருவி இல்லாத வகுப்பிலும் சில காரியங்கள் முடியும். இரண்டு படங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'ஆம்', 'இல்லை' என்பதற்கு ஓர் அடையாளத்தைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பத்து விநாடி நமக்கு நீளம், அவனுக்கு அது போதாமல்கூட இருக்கலாம். ஓர் எச்சரிக்கை: கையைப் பிடித்து நாமே விடையைத் தொடவைத்துவிட்டு, "பாருங்க, சொல்லிட்டான்" என்று மகிழக் கூடாது. அது அவன் குரல் இல்லை, நம் குரல்.

மாணவர்களே, அடுத்த கட்டுரையில் குமரகுருபரரைத் தாராளமாக எழுதுங்கள். 'பேரறிஞர் ஆனார்' என்பதற்குப் பதிலாக, 'ஐந்து வயதில் பேசத் தொடங்கினார்; அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்' என்று எழுதிப் பாருங்கள். அடுத்த பத்தியில், இன்னும் பேசத் தொடங்காத பிள்ளைக்கும் இடம் கிடைக்கும்.