வெற்று மகுடமும் கால அட்டவணையும்

1

நிக்கொலஸ் டிர்க்ஸ் 1987ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘தி ஹாலோ கிரவுன்’ என்று பெயர். வெற்று மகுடம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தமிழ் மாவட்டங்களுக்கு நடுவே, 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானமாக நீடித்த பகுதி இது. வெள்ளையர்கள் தொண்டைமான்களின் அரியணையைப் பறிக்கவில்லை. தர்பார் நடந்தது, தசரா நடந்தது, பட்டங்களும் மரியாதைகளும் வழங்கப்பட்டன. பறிபோனது அரசியல் மட்டுமே. அதிகாரம் வெளியேறிய பிறகும் சடங்கு தொடர்கிறது. தொடர்வதாலேயே அதிகாரம் போனது தெரியாமல் இருக்கிறது. அந்நூலை நான் இப்படித்தான் வாசித்தேன்.

இந்த வாசிப்பை அரண்மனையிலிருந்து கல்லூரிக்கு நகர்த்திப் பார்க்கலாம். சிறிய ஊர்களின் கல்லூரி வளாகங்களில் ‘அகாடமிக் பொறுப்பு’ என்று ஒன்று உண்டு. சில இடங்களில் டீன், சில இடங்களில் ஒருங்கிணைப்பாளர், பல இடங்களில் முதல்வரோ மூத்த துறைத்தலைவரோ சேர்த்துச் சுமப்பது. அவர் என்ன செய்கிறார்? கால அட்டவணை போடுகிறார். ஒர்க்லோடு கணக்குப் பார்க்கிறார். வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், நாக் குழுவுக்கான கோப்பு, மேலேயிருந்து வரும் சர்க்குலருக்குப் பதில் என்று நாள் போய்விடும். எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, எப்படித் தேர்வு வைப்பது? இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர் தீர்மானிக்க முடியாது. பதவிப் பெயரில் கல்வி இருக்கிறது. கல்வியின் மீது உரிமை இல்லை.

2

அறந்தாங்கியை எடுத்துக்கொள்வோம். 1982ல் தொடங்கப்பட்ட திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக, ‘மாடல் காலேஜ்’ என்ற பெயரில் அங்கே ஒரு வளாகம் வந்தது. பிறகு மாநிலம் முழுவதும் 41 உறுப்புக் கல்லூரிகளை அரசு கலை அறிவியல் கல்லூரிகளாக மாற்ற அரசு முடிவெடுத்தபோது இதுவும் அரசுக் கல்லூரியாயிற்று. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியைவிட்டால் வேறு கதி கிடையாது. ஆனால் மாறியது பெயர்ப்பலகையும் சம்பளம் தரும் அலுவலகமும். பாடத்திட்டம் முன்பும் திருச்சியிலிருந்து வந்தது, பிறகும் அங்கிருந்தே வந்தது.

‘உறுப்பு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உறுப்பு வேலை செய்யும், யோசிப்பது தலை. உறுப்புக் கல்லூரி இணைவுக் கல்லூரியானபோதும் இந்த உடற்கூறு மாறவில்லை.

இத்தகைய வளாகங்களில் வகுப்பறைச் சுமையில் பெரும்பகுதி யார் தோளில் இருக்கிறது? கௌரவ விரிவுரையாளர்கள் தோளில். இவர்களைப் போன்றவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019ல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 2024ல் உயர்த்தியபோதும் 25,000தான் ஆனது. கூலியைப் பற்றி நாம் பேசுகிறோம், போராடுகிறோம், சரி. கூலிக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் இவர்களில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வகுப்பை அறிந்தவனுக்கு வாக்கு இல்லை. வாக்குள்ளவர்களில் பலர் அந்த வகுப்பைப் பார்த்ததே இல்லை.

3

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சில வருஷம் ஒரு சிறு கல்லூரியில் மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் நடத்தினேன். (பெயர் வேண்டாம், பல கல்லூரிகளுக்குப் பொருந்தும்.) 2022 டிசம்பரில் இம்மாவட்டத்தின் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், பகுதி ஒன்று தமிழ் வகுப்பு. யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், நம்ம பக்கத்துல இப்படி நடந்திருக்கே, இதப்பத்தி எல்லாம் தமிழ்ல யாரும் எழுதலையா?” என்று கேட்டாள். எழுதியிருக்கிறார்கள், தண்ணீரும் தீட்டும் பற்றிய ஒரு தலித் சிறுகதையை அடுத்த வகுப்பில் வாசிப்போம் என்றேன்.

சாயங்காலம் அகாடமிக் பொறுப்பில் இருந்தவர் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். “தம்பி, நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா யூனிட்ல இல்லையே. நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா நான் எதக் காட்டுறது?”

அடுத்த வகுப்பில் யாப்பைத் தொடர்ந்தேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

இதில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதைத் தனிமனிதக் கோழைத்தனம் என்று மட்டும் வாசித்தால் தப்பித்துக்கொள்வது அமைப்புதான். அதிகாரம் தடுக்க மட்டும் செய்வதில்லை, உற்பத்தியும் செய்கிறது என்றார் ஃபூக்கோ. இங்கே யாரும் எதையும் தடை செய்யவில்லை. ‘யூனிட்ல இல்ல’ என்ற இரண்டு சொல், பேசாத ஆசிரியனையும் கேட்காத மாணவியையும் பயந்த பொறுப்பாளரையும் ஒருசேர உற்பத்தி செய்துவிட்டது.

4

அப்படியானால் தன்னாட்சி வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். 1978லிருந்து தமிழகத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் உண்டு. 1986 கல்விக் கொள்கை அதை ஊக்குவித்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. நிர்வாகம் பழிவாங்கும், கல்வி வியாபாரமாகும் என்ற அச்சம் பொய்யல்ல. தனியார் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளைப் பார்த்தால் போதும். ஆனால் நாம் தன்னாட்சியை எதிர்த்தோமே தவிர, பாடம் எழுதும் உரிமையை வேறு வடிவில் கேட்கவில்லை. இடதுசாரி நண்பர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

புதுக்கோட்டை நகரத்தில் 1880ல் தோன்றிய மன்னர் கல்லூரி, தன்னாட்சி பெற்ற அரசுக் கல்லூரி. அதைச் சுற்றி 1910ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது, ஞானாலயா நூலகம் இருக்கிறது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1929லேயே அச்சேறிவிட்டன. அந்த உரிமையை வைத்து அங்கே என்ன செய்தார்கள் என்பதை அங்குள்ள நண்பர்கள் எழுதட்டும். என் கேள்வி வேறு. நகரத்துக் கல்லூரிக்கு உள்ள உரிமை அறந்தாங்கிக்கு ஏன் இல்லை? 2020 தேசியக் கல்விக் கொள்கை 15 ஆண்டுகளில் இணைவு முறையையே ஒழிக்கப்போவதாகச் சொல்கிறது. ஆனால் அது தரும் தன்னாட்சி, தரமதிப்பீட்டில் மார்க் வாங்கியவனுக்குக் கிடைக்கும் பரிசு. இன்னொரு பக்கம் 2023ல் மாநில உயர்கல்வி மன்றம் சென்னையிலிருந்து பொதுப் பாடத்திட்டம் அனுப்பியது. தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. டெல்லியும் சென்னையும் எவ்வளவு சண்டை போட்டாலும், அறந்தாங்கி ஆசிரியர் பாடம் எழுதலாம் என்று இருவருமே நினைப்பதில்லை.

5

இந்த மாவட்டம் தன் பாடத்தைத் தானே எழுதிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்து அறிவொளி இயக்கம். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எழுத்தறிவு என்றால் எழுத்து மட்டும்தான் என்று எந்த யூனிட்டும் குறுக்கே நிற்கவில்லை. இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. முன்நின்றவர் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அரசு எந்திரம் பின்னால் இருந்தது. அது விலகியதும் வேகம் வடிந்தது. ஃபிரான்சிஸ் கோடி அந்த இயக்கத்தைப் பற்றி 2013ல் ஒரு நூலே எழுதினார். டிர்க்ஸும் வெளியிலிருந்து வந்தவர், கோடியும் வெளியிலிருந்து வந்தவர். உலகம் படிக்க இங்கே விஷயம் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகள் படிக்கத்தான் அது யூனிட்டில் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. பாடத்திட்டத்தில் கால் பங்கை அந்தந்த வளாகமே எழுதட்டும். உள்ளூர் என்றாலே நல்லது என்ற மயக்கம் எனக்கில்லை. உள்ளூர் ஆதிக்க சாதி அந்தக் கால் பங்கைச் சாதிப் பெருமையால் நிரப்பிவிடும் ஆபத்து நிஜம்; வேங்கைவயலும் உள்ளூர்தான். அதனால்தான் எழுதும் குழுவில் கௌரவ விரிவுரையாளருக்கும் மாணவர்களுக்கும் வாக்கு வேண்டும், அதில் தலித்துகளும் பெண்களும் இருந்தாக வேண்டும் என்கிறேன். முடிவு தாளில் எழுதப்பட வேண்டும். அகாடமிக் பொறுப்பாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டால் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு தாளாவது இருக்கும்.