கமறாத சுருட்டு

பிரீமியம் சுருட்டுகளுக்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் மதிப்புரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். க்ரீம், செடார் மரம், பாதாம், வெள்ளை மிளகு. மைல்டு வகை என்றால் திரும்பத் திரும்ப இதே நாலு சொல்தான். ஓசூர்க்காரனுக்கு செடார் வாசம் எங்கிருந்து தெரியும்? ருசி பார்ப்பவர் தன் நாக்கை நம்பாமல், போன மதிப்புரையை நம்புகிறார் என்பதுதான் என் சந்தேகம்.

மைல்டு என்றதும் பலரும் கைகாட்டும் சுருட்டு மக்கனூடோ கஃபே. டொமினிக்கன் குடியரசில் தயாராவது. மேலே சுற்றும் இலை கனெக்டிகட் ஷேட்: துணிப்பந்தலுக்குக் கீழே வளர்த்த புகையிலை. நேர்வெயில் படாததால் இலை மெல்லிசாக, நரம்பு தடிக்காமல் வரும். ஓசூர் பக்கம் ரோஜாவுக்குப் போடும் குடில்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் சட்டெனப் பிடிபடும். வெயிலை வடிகட்டினால் பொருள் அழகாகிறது, விலையும் ஏறுகிறது.

பற்ற வைத்தால் முதலில் வருவது காய்ந்த வைக்கோல் வாசம். பிறகு வறுத்த வேர்க்கடலையின் தோல், அந்த லேசான துவர்ப்போடு. க்ரீம் என்று அவர்கள் சொல்வது ருசியே இல்லை, புகை நாக்கில் வழுக்கிப் போகிற விதம். பாதிவரை நன்றாகவே இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் நடப்பதில்லை. அவசரப்பட்டு இழுத்தால் சூடேறி கைப்பு தட்டும், அவ்வளவுதான். சாம்பல் வெளுத்து, உதிராமல் நிற்கிறது.

சாம்பல் என்றதும் திருச்சி ஞாபகம் வராமல் இருக்காது. 1887இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் நாவலில் கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்பதை, கருத்து உதிரும் சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். லண்டன் துப்பறிவாளருக்கு உறையூர்ச் சரக்கு ஒரு தடயம்! இரண்டு முனையும் வெட்டிய, காட்டமான சுருட்டு அது. அதை அளக்க நம்மிடம் சொல் இருக்கிறது: கமறல். தொண்டையைப் பிடிக்கிறதா, விடுகிறதா என்பதுதான் இங்கே விமர்சனத்தின் முதல் கேள்வி. முனியப்பனுக்குப் படைக்கும் சுருட்டை யாரும் மைல்டாகக் கேட்டு வாங்குவதில்லை. அந்த அளவுகோலில் மக்கனூடோ கமறாத சுருட்டு. க்ரீமையும் செடாரையும்விட இந்த ஒரு சொல் அதைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

ஆனால் 'மைல்டு' அப்படி நேர்மையான சொல் இல்லை. ருசியைச் சொல்வதுபோல ஆரம்பித்து, உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 2010 முதல் சிகரெட் பெட்டியில் 'லைட்', 'மைல்டு' என்று அச்சிடத் தடை இருப்பது இதனால்தான். சுருட்டு மதிப்புரைகளில் இந்தச் சொல் இன்னும் சௌகரியமாக உலவுகிறது. சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது. உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ஏறிவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் இருக்கும் புகையிலை ஒரு சிகரெட் பெட்டிக்கே சமமாகலாம். கமறல் இல்லாததால் அடுத்த இழுப்புக்கும் தொண்டை மறுப்பு சொல்வதில்லை. நான் வாசித்த மதிப்புரைகளில் பாதாம் இருந்தது, இது இல்லை.