நாளைப்போவார் என்னும் பெயரும் தோல்வியறிந்த தறுகண்மையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதத்துக்கு நிலைக்களமாக நான்கினைக் கூறுவர். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன அவை. இவற்றுள் தறுகண் என்பதற்கு அஞ்சாமை எனப் பொருள் கொள்வது வழக்கு. அஞ்சாமை என்றவுடன் போர்க்களமும் வாளும் வேலுமே நினைவுக்கு வருகின்றன. சான்றோர் செய்யுட்கள் பெரும்பாலும் அவ்வகை அஞ்சாமையையே பாடியிருத்தலின் இஃது இயல்பேயாம். எனினும், வாளேந்தாத ஒருவன், பிறப்பினால் தன்னை இழிந்தவன் என ஒதுக்கிய உலகின்முன், வெல்லுதற்கு வழியில்லை என்று அறிந்தும் தன் வேட்கையைக் கைவிடாது நிற்பானாயின், அதுவும் தறுகண் ஆகுமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணத் தக்க இடம் நந்தன் வரலாறு என்பது எம் கருத்து.

நந்தனைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர் தில்லையுள் புகுந்த முடிவினையே நோக்குவன. அவ்வெற்றியை அன்று, அதற்கு முன் அவர் நின்ற நிலையையே அவர் பெருமைக்கு அளவாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வெண்ணியில் கிடைத்த அளவுகோல்

தோற்றவனை வென்றவனினும் உயர்ந்தவனாகக் காணும் பார்வை தமிழுக்குப் புதியதன்று. பாபநாசத்துக்குத் தெற்கே, நெடுந்தொலைவின்றி அமைந்துள்ள கோயில்வெண்ணியே பழைய வெண்ணிப்பறந்தலை என்பர். ஆண்டுக் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். அவனைக் கழாத்தலையார் பாடினார். வெண்ணிக்குயத்தியார் அதனினும் ஒருபடி மேலே சென்று, வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, நாணி உயிர்விடத் துணிந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். புறநானூற்றின் 65, 66ஆம் பாட்டுக்களில் இவற்றைக் காணலாம்.

ஈண்டு இருவகைத் துணிவு உளது. ஒன்று, தோற்ற மன்னனுடையது. மற்றொன்று, வென்ற மன்னன் முகத்துக்கு நேரே தோற்றவன் பெருமையைக் கூறிய புலவருடையது. இப்பாட்டினால் கரிகாலன் வெற்றி குறைந்துவிடவில்லை. சேரமான் உயிர் மீளவும் இல்லை. ஆயினும் வெற்றி வேறு, மேன்மை வேறு என்னும் அளவுகோல் காவிரி நாட்டு மண்ணிலேயே பிறந்துவிட்டது. இவ்வளவுகோலை நந்தன் வரலாற்றின்மேல் வைத்துப் பார்ப்போம்.

சேக்கிழார் காட்டும் நாளைப்போவார்

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரைப் பெயரளவிற் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி, ஆதனூரினர் என்றும், அவருடைய புலைமை நீங்கத் தில்லைவாழந்தணர் கைகூப்பும் முனிவராயினர் என்றும் கூறினார். இச்சுருங்கிய குறிப்பினைச் சேக்கிழார் முழு வரலாறாக விரித்தார். சேக்கிழாரின் ஆதனூர் மேற்காநாட்டுக் கொள்ளிடக் கரையினது. சுவாமிமலையை அடுத்துள்ள வைணவத் திருப்பதியாகிய ஆதனூர் வேறு. பெயரொற்றுமையால் இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

சேக்கிழார் ஆதனூர்ச் சேரியைக் கண்ணால் கண்டார் போல் புனைகின்றார். கூரை வேய்ந்த குடில்களும், ஆங்கு விளையாடும் சிறுவரும், குஞ்சுகளுடன் திரியும் கோழியும், உழைக்கும் மகளிரும் அவர் பாட்டில் இடம்பெறுகின்றனர். அரசவைச் சார்புடைய பெருங்காப்பியப் புலவர் ஒருவர் சேரிக்கு இத்துணை இடம் அளித்தமை நோக்கற்பாலது. கோயிற் பறைகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் நந்தனார் அளித்துவந்தார் என்கின்றார். இறைவன் திருமுன் ஒலிக்கும் இசைக்கருவி அவர் கைவழியாக உள்ளே சென்றது. கைக்குரியவர் வெளியே நின்றார். இம்முரணைச் சேக்கிழார் விளக்கிப் பேசவில்லை. எனினும் பாட்டின் அமைப்பே அதனைக் காட்டிவிடுகின்றது.

தில்லைக்குச் செல்ல விழைந்த நந்தனார் தம் குலநிலையை எண்ணி ஒருகால் தடைப்படுவர். மீண்டும் காதல் மிகுந்து, நாளைச் செல்வேன் என்பர். இவ்வாறு நாட்கள் பல கழிந்தன. அதுவே அவர் பெயராயிற்று. இப்பெயர் தயக்கத்தைக் குறிக்கும் என்பார் உளர். அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. கைவிட்டவன் நாளை என்று சொல்லான். சொல்லும் தேவை அவனுக்கு இல்லை. நாளை என்னும் சொல்லில் இன்று தோற்றேன் என்னும் ஒப்புதலும், அத்தோல்வியை முடிவாகக் கொள்ளேன் என்னும் மறுப்பும் ஒருங்கே உள்ளன. ஒரு மனிதனின் தோல்விகளே அவனுக்குத் திருப்பெயராக அமைந்த இடம் அடியார் வரலாறுகளுள் இஃதொன்றே எனலாம்.

எனினும் சேக்கிழார் பாட்டில் நந்தனாரைத் தடுப்பார் எவரும் எதிரே வந்து நிற்கவில்லை. தில்லை எல்லையை அடைந்தவர், வேள்விப் புகையைக் கண்டு தாமே நின்று, ஊரை வலம்வந்து வருந்துகின்றார். விலக்கு என்பது ஓர் ஆள் அன்று. உள்ளத்தினுள்ளும் குடிகொண்ட விதி. திருப்புன்கூரில் விடை விலகிக் காட்சி கிடைத்தது. ஆனால் நந்தனார் நின்ற இடம் மாறவில்லை. தில்லையில் அவர் உள்ளே புகுந்தார். ஆனால் தென்மதில் வாயிலின்முன் வளர்த்த தீயில் மூழ்கி, வேறு உருக்கொண்ட பின்னரே புகுந்தார். இரண்டிடத்தும் விலக்கு அழியவில்லை என்பதை ஆய்வாளர் உன்னுதல் வேண்டும். மாற்றப்பட்டது விதி அன்று. விதிக்கு உட்பட்டவருடைய உடம்பே.

கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த மாற்றம்

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இவ்வரலாற்றில் பெருமாறுதல் செய்தது. சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவர் நிலக்கிழாராக வருகின்றார். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லைக்குச் செல்ல விடை கேட்கின்றான், மறுக்கப்படுகின்றான், மீண்டும் கேட்கின்றான். சேரியில் உள்ள பெரியோரும் அவனைத் தடுக்கின்றனர். இங்ஙனம் தடை இருபுறத்தும் முகம் பெறுகின்றது.

இம்மாற்றத்தின் ஆழத்தை உணரக் காவிரி நாட்டு வேளாண் முறையை அறிதல் வேண்டும். பண்ணையாள் நெற்கூலி பெற்று, கடனாலும் குடியிருப்பாலும் பண்ணைக்குக் கட்டுப்பட்டவன். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அவனை விருப்பம்போல் நீக்குதற்குத் தடையாக நின்ற சட்டம் இல்லை. அத்தகையவன் விடை கேட்டல் வெறும் வேண்டுகோள் அன்று. தன் நாளுக்குத் தானும் உரியவன் என்னும் கூற்று அதனுள் அடங்கியுளது.

வேதியர் இட்ட கட்டளை நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்த பின்னரே செல்லலாம் என்பது. ஒரு வேலி ஏறத்தாழ 6 2/3 ஏக்கர். நாற்பது வேலி 266 ஏக்கருக்கு மேலாகும். குறுவைக்கு மூன்றரை மாதமும் சம்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு மேலும் வேண்டும் என்பதைப் பாபநாசத்து உழவர் எவரும் கூறுவர். ஆகவே அக்கட்டளை இசைவு போல் தோன்றும் மறுப்பேயாகும். நந்தன் இதனை அறியாதவன் அல்லன்; உழுதலே தொழிலாக உடையவன். அறிந்தும் அவன் கேட்டலைக் கைவிடவில்லை. தோல்வியறிந்த தறுகண்மை என யாம் கூறுவது இதனையே.

நந்தன் இரந்து நிற்கின்றானேயன்றி எதிர்த்து நிற்கவில்லை, ஆகவே இது துணிவு ஆகாது எனக் கூறுவாரும் உளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நந்தன் பண்ணை முறையை மாற்றுமாறு கேட்கவில்லை. தனக்கு ஒருநாள் விடையே கேட்கின்றான். ஆயினும், கேட்டலே குற்றமாக எண்ணப்படும் இடத்தில் கேட்பவன் இழக்கத் துணிவது சிறிதன்று. சொல்லின் பணிவை நோக்காது, சொல்லுதற்குக் கொடுக்க நேரும் விலையை நோக்குதலே முறையாகும்.

பின் சிவகணங்கள் ஓரிரவில் நாற்பது வேலியையும் விளைவிக்கின்றன. வேதியர் மனம் மாறி நந்தனைப் பணிகின்றார். மனிதர் ஒருவர் உள்ளம் மாறும் இவ்விடம் சேக்கிழாரிடம் இல்லாத புதுமை. ஆனால் அவ்வுள்ளத்தை மாற்றியது எது? நந்தனின் கண்ணீர் அன்று. விளைந்து நின்ற நெல்லே. பாரதியார் இதனை எள்ளலாக அமைத்தாரோ இல்லையோ, பாட்டு அவ்வுண்மையை மறைக்கவில்லை. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கின்றது. வேதியரின் மனமாற்றத்துக்கு அதனினும் தக்க உரை வேண்டுவதில்லை. நெல் கோயிலுக்குள் சென்ற காலத்தில் அதனை விளைவித்த ஒடுக்கப்பட்டோர்க்கு வாயில் திறக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அவர்கள் நுழைந்ததும், 1947இல் சென்னை மாநிலக் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததும் பிற்காலச் செய்திகள்.

நூலாசிரியரும் ஒரு வாயிலில் காத்து நின்றார். பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடியபோது, இலக்கண வழுக்கள் உள்ளமையின் பிள்ளையவர்கள் அதனைப் பலநாள் தள்ளிப்போட்டனர். பின்னர் ஒருநாள் பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பாயிரம் அளித்தனர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் இதனை எழுதிவைத்தமையால் நாம் அறிகின்றோம். கீர்த்தனை நூல்களை இசைக்கும் மேடைக்கும் உரியன என ஒதுக்கும் வழக்கம் தமிழாய்வில் முற்றும் நீங்கிற்றில்லை. நந்தன் வரலாற்றை ஆராய்வோர் அவ்வழக்கத்தை மேற்கொள்ளாமை நன்று.

அயல்நாட்டு ஒப்புமை ஒன்று

பிறப்பால் இழிவு கற்பித்தல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது நிறவெறுப்பாக நின்றது. ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் புதினம் இதனைப் பொருளாகக் கொண்டது. வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கெடுத்தான் எனப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்னும் கருப்பினத்தவனுக்காக வழக்கறிஞர் ஆட்டிக்கஸ் பிஞ்ச் வாதாடுகின்றார். தோல்வி உறுதி என்பதை அவர் தொடக்கத்திலேயே அறிவர். வழக்குத் தோற்கின்றது, டாம் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுட்டுக்கொல்லப்படுகின்றான்.

இப்புதினத்தில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. தோல்வி தோல்வியாகவே காட்டப்படுகின்றது. அவ்வகையில் இது வெண்ணிக்குயத்தியார் மரபுக்கு அணித்தாயுள்ளது. ஆயினும் ஒரு குறை உண்டு. துணிவு முழுவதும் ஒடுக்கப்பட்டவனுக்காகப் பேசும் வழக்கறிஞரிடமே குவிந்து நிற்கின்றது. டாமின் துணிவைக் காண்பதற்கு ஒரே ஓரிடம் உளது. அப்பெண்மேல் இரக்கம் கொண்டேன் என்று அவன் மன்றத்தில் கூறுகின்றான். கருப்பினத்தவன் வெள்ளைப் பெண்மேல் இரங்குவதா என்று எதிர்வழக்கறிஞர் வெகுள்கின்றார். நந்தன் விடை கேட்டான், டாம் இரங்கினான். இருவரும் தமக்கென வகுக்கப்பட்ட இடத்தை ஒரே சொல்லால் கடந்தனர். அச்சொல்லே அவர்கள்மேல் பழியாயிற்று. நந்தன் வரலாற்றின் தனிச்சிறப்பு, துணிவு ஒடுக்கப்பட்டவனிடமே வைக்கப்பட்டமையாகும்.

தீயின் பொருள்

இந்திரா பார்த்தசாரதி தம் 'நந்தன் கதை' நாடகத்தில் அற்புதத்தை நீக்கித் தீயைக் கொலைத்தீயாகவே காட்டினார். இது சமயநூலுக்கு இழுக்கு என்பாரும் உளர். ஆனால் 1968 டிசம்பர் 25ஆம் நாள், அக்காலத் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தை ஒட்டி, 44 பேர் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்நிகழ்ச்சியைக் களமாகக் கொண்டு அவ்வாசிரியரே 'குருதிப்புனல்' என்னும் புதினத்தை எழுதினார்; அது 1977இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. அதற்குப் பின் நந்தன் புகுந்த தீயை முன்போல் படிப்பது அரிது.

சேக்கிழாரின் அன்பையோ பாரதியாரின் உருக்கத்தையோ யாம் குறைத்துக் கூறவில்லை. அவர்தம் காலத்தில் விலக்கப்பட்டவரை உள்ளே கொணர்தற்கு அவர்கள் கண்ட வழி தீ ஒன்றே. ஆனால் அத்தீயையே பெருமையின் சான்றாகக் கொள்வோமாயின், தீயில் மாறாது சேரியிலேயே வாழ்ந்து மறைந்த எண்ணற்ற நந்தர்களுக்கு நம் திறனாய்வில் இடமில்லாது போகும். அற்புதம் நிகழாதிருந்தாலும் நந்தன் பெரியனே. நாளை என்று சொல்லிய ஒவ்வோர் இரவும் அதற்குச் சான்று.

ஆகலின் தறுகண் என்பதன் பொருளைப் போர்க்களத்தோடு நிறுத்தாது, தோல்வியை முன்னறிந்தும் தன் உரிமையைச் சொல்லிநிற்கும் நிலைக்கும் விரித்துக் கொள்ளுதல் வேண்டும். விலக்குக்கு எதிராக நிற்பவர் வரும் நூல்களை ஆராயும்போது, கேட்பவர் யார், யாரிடம் கேட்கின்றார், எதனை இழக்கத் துணிந்து கேட்கின்றார் என்னும் மூன்றினையும் முதற்கண் நோக்குதல் நன்று. முடிவில் அவர் வென்றாரா என்பது அதன் பின்னரே எழுதற்குரிய வினாவாகும்.